சமையலறை சீலிங்கில் பெயிண்ட் உரிகிறதா? பொருக்கின் முதுகைப் பாருங்கள்

மார்கழி பிறந்ததும் பல வீடுகளில் இது நடக்கும். பொங்கலுக்குள் வேலை முடிய வேண்டும் என்று பெயிண்டரைக் கூப்பிடுவார்கள். அவர் தொங்குவதை மட்டும் சுரண்டி, பட்டி (சமப்படுத்தும் மாப்பூச்சு, ‘புட்டி’) பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) ஓட்டிவிட்டுப் போவார். சித்திரைக்குள் அதே இடம் அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பி நிற்கும். பழி பெயிண்டர் மேலோ பெயிண்ட் கம்பெனி மேலோ விழும். அடுத்த வருடம் இன்னும் விலை கூடிய டப்பா வரும், அதுவும் உரியும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த கான்கிரீட் தளம் மார்கழியில் காய்ந்திருக்காது என்பது ஒரு காரணம்தான். சமையலறை சீலிங்கில் பெயிண்ட் உரிய குறைந்தது ஆறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது; சில சமயம் கெடுதலாகவே முடியும்.

எது காரணம் என்பதை உரிந்த பொருக்கே சொல்லிவிடும். எல்லாரும் சீலிங்கை அண்ணாந்து பார்க்கிறார்கள், கீழே விழுந்த துண்டைப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். பெருக்காதீர்கள்.

சோதனைக்கு என்ன வேண்டும்

உறுதியான ஏணி, டார்ச், 2 அங்குலச் சுரண்டி, பிளேடு, செல்லோடேப், ஒன்றரை அடி சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாள், ஒரு பூரிக்கட்டை. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் ஈரம் தெரிந்தால், அந்த அறையின் எம்.சி.பி.யை (மின்பலகையில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்) இறக்காமல் ஏணியில் ஏற வேண்டாம்.

டார்ச்சை சீலிங்கோடு ஒட்டி, பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத உப்பலெல்லாம் நிழலோடு எழுந்து தெரியும். பிறகு பூரிக்கட்டையின் முனையால் ஓரடிக்கு ஓர் இடமாக மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் உள்ளே கெட்டி. ‘பொக்’ என்றால் பூச்சோ கான்கிரீட்டோ விட்டிருக்கிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

கடைசியாக, உரியும் ஓரத்தில் சுரண்டியைக் கொடுத்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொருக்கை முழுசாக எடுங்கள். வெள்ளைக் காகிதத்தில் குப்புறப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். இனி வருவதெல்லாம் அந்தப் பின்பக்கத்தை வைத்துத்தான்.

பின்பக்கம் சுண்ணாம்புப் பொடியாக விரலில் ஒட்டுகிறது

பழைய வீடுகளில் அதிகம் காண்பது இதுதான். அடியில் வருடாவருடம் அடித்த சுண்ணாம்போ பொடி டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன்மேல் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். எமல்ஷன் காயும்போது சுருங்கி இழுக்கும். அடியில் இருப்பதோ ஒன்றோடொன்று பிடிப்பில்லாத பொடி அடுக்கு. எமல்ஷன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சுண்ணாம்போடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு, அந்தச் சுண்ணாம்பையே பிடுங்கிக்கொண்டு வருகிறது.

உரியாத இடத்தையும் சோதியுங்கள். பிளேடால் பெருக்கல் குறி கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். குறியின் நான்கு மூலைகளும் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியும் இன்றோ நாளையோ என்றுதான் நிற்கிறது.

இதற்குப் பாதி வேலை கிடையாது. உரிந்த இடத்தை மட்டும் பட்டி போட்டு மூடினால், பட்டியின் ஈரத்தில் பக்கத்துப் பொடி ஊறி, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வட்டமாக உரியும். மொத்த சீலிங்கையும் சுரண்ட வேண்டும். ஸ்பிரேயரால் இரண்டடி அகலத்துக்கு நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, சுரண்டியைச் சாய்த்துத் தள்ளுங்கள். பொடி டிஸ்டெம்பர் கூழாக வந்துவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் அடம் பிடிக்கும். கடைசியில் ஈரக் கறுப்புத் துணியால் துடைத்தால் துணியில் வெள்ளை ஏறக்கூடாது. எவ்வளவு துடைத்தும் லேசாக ஏறிக்கொண்டே இருந்தால், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு டர்பென்டைன் கலக்கும் வகை சிமெண்ட் பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். தண்ணீர் பிரைமர் பொடியின் மேலேயே நின்றுவிடும். டர்பென்டைன் வகை உள்ளே ஊறிப் பொடியைக் கட்டும். அன்று முழுக்க அந்த அறையில் அடுப்பு, ஊதுபத்தி, தீப்பெட்டி எதுவும் கூடாது.

மரச்சட்டத்தின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் எமல்ஷன் ஆசையையே விட்டுவிடலாம். அந்தக் கூரை ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விட்டுத்தான் வாழ்கிறது. சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் கோந்தும் நீலமும் சேர்த்து அடிப்பதே அதற்குப் பொருத்தம்.

பின்பக்கம் வழவழவென்று பளபளக்கிறது

அடுப்புக்கு நேர் மேலே, மூன்று நான்கடி வட்டத்துக்குள் மட்டும் இப்படி இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு. தாளிப்பும் பொரிப்பும் ஆவியோடு மேலே போய்ப் படிகின்றன. அதைக் கழுவாமல் அடித்த பெயிண்ட் எண்ணெய்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவுங்கள். பரவாமல் முத்துமுத்தாக நின்றால் பிசுக்குதான்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா. ரப்பர் கையுறை போட்டு, பஞ்சில் தோய்த்து, இரண்டடி இரண்டடியாகத் தேய்த்து, சோடா காயும் முன்பே நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். சோடா மிஞ்சிக் காய்ந்தால் அது உப்பாகத் தங்கும். பிசுக்கால் உரிந்தது அடுத்த முறை சோடாவால் உரியும்.

சீலிங் முழுக்கவே பளபளப்பு என்றால் அடியில் பழைய எனாமல் இருக்கிறது. சமையலறைக்கு ‘ஆயில் பெயிண்ட்’ அடிப்பது ஒரு காலத்தில் வழக்கம், துடைக்க வசதி என்று. எனாமலின் வழுக்கலில் எமல்ஷனுக்குப் பிடி கிடைக்காது. 120 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, பளபளப்பு மங்கிய பிறகே பிரைமர். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி சமையல் மேடையில் படியக்கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம். கீழே பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் தூசியோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பொருக்கு கனமாக, பட்டியோடு சேர்ந்து வருகிறது

இங்கே பெயிண்டை விட்டுவிட்டுப் பட்டியின் முதுகைப் பாருங்கள். பழைய பெயிண்டின் நிறம் ஒட்டியிருந்தால், பெயிண்டைச் சுரண்டாமல் அதன்மேல் பட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளை சிமெண்ட் பட்டி சிமெண்ட் பூச்சையும் கான்கிரீட்டையும்தான் பிடிக்கும், எமல்ஷனைப் பிடிக்காது. ஈர விரலால் தேய்த்ததும் மாவாகக் கரைந்தால் அது பி.ஓ.பி., அதாவது ஜிப்சத்தால் ஆன பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் ஈரத்தில் இளகிவிடும். ஹாலில் பூப்போட்ட சீலிங்குக்கு அது போதும், ஆவி அடிக்கும் இடத்தில் நிற்காது. பட்டியின் கனம் 1.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதுவே ஒரு காரணம். மேடு பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் சரிசெய்யாமல் பட்டியாலேயே நிரப்பினால், தன் எடையிலேயே கழன்றுவிடும். சுவர் எவ்வளவோ தாங்கும், சீலிங் மன்னிக்காது.

பட்டியின் முதுகு சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தால், புது அடுக்குமாடி வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு, அலுமினிய, பிளைவுட் பலகைகளில் ஊற்றிய தளத்துக்குப் பல இடங்களில் பூச்சு வேலையே செய்வதில்லை, நேரடியாகப் பட்டிதான். பலகையில் ஒட்டாமல் இருக்கத் தடவிய ஷட்டரிங் ஆயில் கான்கிரீட்டின் தோலில் ஊறியிருக்கும். தண்ணீர்ச் சொட்டு உறிஞ்சப்படாமல் நின்றால் ஆயில் இருக்கிறது. அந்த இடத்தைச் சோப்புத்தூள் கரைசலும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் லேசாகத் தோலை எடுத்து, லேடெக்ஸ் (பிடிப்பைக் கூட்டும் பால்போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் பால் ஒரு கை அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மெல்லிய பட்டி. கொத்தி எடுக்கிறேன் என்று கொத்தனார் சுத்தியலோடு வந்தால் கம்பி வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குமிழி, பழுப்பு வளையம், உப்புப் பூத்தல்

பொருக்கின் முதுகு ஈரமாகவோ, பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு ஒட்டியோ இருந்தால் பெயிண்ட் கடைக்குப் போகவே வேண்டாம், மேலே போங்கள். தளத்துக்குள் இருக்கும் தண்ணீர் சிமெண்டிலிருந்தும் செங்கல் ஜல்லியிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பெயிண்டின் பின்னால் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்புப் படிகம் வளர்ந்து பெயிண்டைத் தள்ளுகிறது. பழுப்பு வளையம் என்பது ஈரம் பரவி நின்ற எல்லைக்கோடு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று வளையம் இருந்தால் அத்தனை தடவை நனைந்து காய்ந்திருக்கிறது.

கசிவா, சமையல் ஆவியா என்ற சந்தேகத்தைப் பிளாஸ்டிக் தாள் தீர்த்துவிடும். கறைக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி, பொடியைத் துடைத்து, தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் தளத்துக்கும் நடுவே நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் தளத்திலிருந்து வருகிறது. அறைப் பக்கமாக, தாளின் வெளியே துளி நின்றால் அது உங்கள் இட்லிப் பானையிலிருந்து வந்தது. டேப்பே நிற்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்: தளம் அவ்வளவு ஈரம்.

கசிவு என்று தெரிந்தபின், எப்போது கூடுகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். மழைக்குப் பின் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்துக் கூடினால் மொட்டை மாடி. வெயில் காலத்திலும், காலைக் குளியல் நேரத்தை ஒட்டிக் கூடினால் மேல்மாடிக் குளியலறையின் கழிவுநீர்ப் பாதை. இரவு பகல் வித்தியாசமே இல்லாமல் ஒரே சீராகச் சொட்டினால் எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாய். இந்த மூன்றாவதைச் சோதிப்பது சுலபம். இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடி மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள்.

குளியலறை என்று சந்தேகம் வந்தால், மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் அவரிடம் கேட்டு ஒரு சோதனை. தரை நீர்ப்போக்கியின் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து 24 மணி நேரம் விட வேண்டும். கீழே நீலமாகக் கறை இறங்கினால் தரையோ சுவரோரமோ விட்டிருக்கிறது. அன்று எதுவும் கூடவில்லை, அடைப்பை எடுத்து வடித்த பிறகுதான் கூடுகிறது என்றால் நஹானி டிராப்போ (தரை நீர்ப்போக்கிக்கு அடியில் இருக்கும் வடிகால் கிண்ணம்) அதன் இணைப்போ. நீலம் தெரியவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கான்கிரீட்டும் நிரப்பு ஜல்லியும் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கு மட்டும் விட்டிருந்தால் பழைய குரௌட்டைச் சுரண்டி எபாக்ஸி குரௌட் வைத்தால் தீரும். தாழ்த்திக் கட்டிய தளத்தின் நிரப்பே தண்ணீரில் ஊறிக் கிடந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும். மேலே தடவும் ரசாயனம் எதுவும் அந்தத் தண்ணீரை வெளியே எடுக்காது.

மொட்டை மாடியில் முதலில் பார்க்க வேண்டியது கீழே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அல்ல. தண்ணீர் இறங்கும் குழாய் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மேல்தொட்டியின் கால், கேபிளுக்கோ ஏ.சி.க்கோ போட்ட துளை. இந்த நான்கையும் பார்த்துவிட்டுத் தட்டோடுகளைத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, சுருக்கித் தளத்துக்குள் (கான்கிரீட்டின் மேல் போட்ட செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கு) ஓடி, கான்கிரீட்டில் பலவீனம் கிடைக்கும் இடத்தில்தான் இறங்கும். தளத்துக்குள் புதைத்த மின்குழாய் அதற்கு ராஜபாட்டை. விளக்கு மாட்டிய இடத்தில் சொட்டுகிறது என்றால் ஓட்டை பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

மழைக்காலம் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால் மாடியில் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம். நீர்வாயை அடைத்து, ஓர் அங்குலம், 48 மணி நேரம். ஓர் அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. அதற்கு மேல் கட்ட வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், கம்பி தெரியும் தளத்திலும் இந்தச் சோதனையே கூடாது.

வாட்டம் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்டை அடித்து மறைப்பதில் பயனில்லை. சூடு குறையும், பள்ளம் குறையாது. விரிசலை ‘வி’ வடிவில் 6 முதல் 10 மி.மீ. வரை வெட்டி, தூசியை ஊதி, பாலிமர் கலவை நிரப்பி, கைப்பிடிச் சுவர் மூலையில் வளைவாகக் கலவை வைத்து, அதன்மேல் வலைத்துணி பதித்த அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு மூன்று கோட். பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்கு நல்ல காலம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “மாடியை உடைக்கவே வேண்டாம் சார், கீழேயிருந்தே வாட்டர்ப்ரூஃப் அடிச்சு நிறுத்திடலாம்” என்பார்கள். நிற்பது போலத்தான் தெரியும், ஆறு மாதம். தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். வெளியேற வழி இல்லாமல் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருவாக்கும். பெயிண்ட் உரிவது ஒரு வகையில் எச்சரிக்கை மணி, அதைக் கழற்றிவைத்தது போல ஆகும். ஒழுகும் தளத்தின் அடியில் எனாமல் அடிப்பதும் இதே தவறுதான்.

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த கம்பி பிரஷால் உதிர்த்து, பெருக்கி எடுத்து, ஒரு வாரம் விட்டு மறுபடி பூத்தால் மறுபடி உதிர்க்க வேண்டும். கசிவு நின்ற பிறகும் தளம் காய வாரங்கள் ஆகும். சுரண்டிய சீலிங்கை வெறுமையாக விட்டு, ஃபேனைப் போட்டு, பத்து நாளைக்கு ஒரு முறை பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். தாள் உலர்வாக வரும்வரை பட்டி, பெயிண்ட் இரண்டுக்கும் அவசரமில்லை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். விருந்தாளி வந்தால் ஹாலில் உட்கார வையுங்கள்.

கறுப்புப் புள்ளி, மூலைகளில் அதிகம், வளையம் இல்லை

இது பூஞ்சணம். தண்ணீர் அறைக்குள்ளிருந்தே வருகிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உண்டாகும். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, குழம்பு, சாதம் கொதித்த ஆவியெல்லாம் தனி, வாயு எரிந்ததிலிருந்து மட்டும் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். மார்கழி, தை விடியலில் மாடித் தளம் குளிர்ந்து கிடக்கும். அதில் பட்டதும் ஆவி நீராகிறது.

சிம்னி இருக்கிறதே என்றால், அதன் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாத, கரி வடிகட்டி வைத்த சிம்னி வாசனையையும் எண்ணெயையும் ஓரளவு பிடிக்கும், ஆவியை அப்படியே அறைக்குள் திருப்பி விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் சீலிங்கை ஒட்டிய உயரத்தில், கதவுக்கு எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஃபேனைப் போட்டால் அது வெறுமனே சுற்றும். கதவோ ஜன்னலோ கொஞ்சம் திறந்திருந்தால்தான் காற்று இழுபடும். ஃபேன் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைப்பதும் வீண், அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்பை அணைத்த பின்னும் கால் மணி நேரம் ஓடட்டும்.

பூஞ்சணத்தை உலர்வாகத் தேய்த்தால் விதை வீடெல்லாம் பரவும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், மூன்று பங்கு தண்ணீர். பஞ்சால் ஒற்றி, பதினைந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். சீலிங் வேலை என்பதால் கண்ணாடி கட்டாயம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கக்கூடாது. காய்ந்த பிறகு பூஞ்சண எதிர்ப்பு சேர்த்த எமல்ஷன். ஆனால் ஃபேன் ஓடாத வீட்டில் அந்த எமல்ஷனும் ஒரு மழைக்காலம்தான் தாக்குப்பிடிக்கும்.

நேர்க்கோட்டில் விரிசல், துருக்கறை, ‘பொக்’ சத்தம்

இதைக் கண்டால் சுரண்டியைக் கீழே வையுங்கள். அடியில் நிற்கவும் வேண்டாம். பெயிண்ட் உரிவது இங்கே கடைசி அறிகுறி, உரிவது தளமே. கம்பி துருப்பிடித்தால் பழைய அளவைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அந்த அழுத்தம் கீழே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். விரிசல் ஏன் இவ்வளவு நேராக, அரையடிக்கு ஒன்றாக இணைகோடாகப் போகிறது என்றால், கம்பி கட்டிய இடைவெளி அதுதான். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதிநூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு லேசான சூழலுக்கே கம்பிக்குக் கீழே 20 மி.மீ. மூடுகான்கிரீட் கேட்கிறது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல், கம்பியைப் பலகைமேலேயே கிடத்தி ஊற்றிய தளங்களில் அது 5 மி.மீ.கூட இருப்பதில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டிய கட்டம் இது. அவர் கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில் ஃபினால்ப்தலீன் தெளிப்பார். இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறம் மாறாவிட்டால் அது போய்விட்டது. சிறு பரப்பு, கம்பி இளைக்கவில்லை என்று அவர் சொன்னால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்: முட்டுக் கொடுத்து, விட்ட கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குக் குடைந்து, துருவை வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, லேடெக்ஸ் பிணைப்புக் கோட் கொடுத்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ. கனம் தாண்டாமல் பாலிமர் கலவை. அளவு பொதுவாக 5 கிலோ சிமெண்டுக்கு 15 கிலோ சலித்த மணல், 1 கிலோ எஸ்.பி.ஆர். லேடெக்ஸ். கம்பிக்கு முன்பக்கம் மட்டும் பிரஷால் தேய்த்துவிட்டுச் சாதாரணச் சிமெண்டை அப்பினால், அடுத்த மழைக்கு முந்தியதைவிடப் பெரிய பாளமாக விழும், அடுப்படியில் நிற்பவர் தலையில்.

பரண் சிலாப் சுவரோடு சேரும் இடத்திலும், தளம் சுவரின்மேல் உட்காரும் ஓரத்திலும் வரும் முடி விரிசல் வேறு. வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பட்டி நிற்காது, வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் நிரப்பியைத் துப்பாக்கியால் அழுத்தி, ஈர விரலால் இழுத்துவிட்டால் போதும்.

தளம் உலர்ந்துவிட்டது, இனி பூசலாம்

8 அடிக்கு 10 அடி சமையலறை என்றால் 80 சதுர அடி. முழுக்கச் சுரண்டியிருந்தால் வெள்ளை சிமெண்ட் பட்டி 6 முதல் 7 கிலோ, சிமெண்ட் பிரைமர் 1 லிட்டர், எமல்ஷன் 2 லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். உப்புத்தாள் 80, 120, 220 எண்களில் இரண்டிரண்டு.

சுரண்டிய ஓரங்களை 80 தாளால் சரித்துத் தேயுங்கள். செங்குத்தாக விட்டால் எத்தனை பட்டி போட்டாலும் வரைபடம் மாதிரி ஓரம் தெரியும். தூசியைத் துடைத்து, தளத்தை லேசாக ஈரப்படுத்துங்கள். சொட்டக்கூடாது, காய்ந்த தளம் பட்டியின் தண்ணீரை உறிஞ்சாமல் இருந்தால் போதும். உலர்ந்த தளத்தில் வைத்த பட்டி வேகாமல் மாவாக நிற்கும், தேய்க்கும்போது தூசியாகக் கொட்டும்.

பட்டிக்குத் தண்ணீர் கிலோவுக்கு 360 முதல் 400 மி.லி.; பையில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. கட்டியில்லாமல் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகிய பட்டியில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் அதன் பிடிப்பு போய்விட்டது. முதல் கோட் கீழிருந்து அழுத்தி, இரவு விட்டு, இரண்டாவது கோட் குறுக்குவாட்டில். இரண்டும் சேர்ந்து 1.5 மி.மீ. தாண்ட வேண்டாம். மறுநாள் 120, பிறகு 220. பட்டித் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்காமல் பிரைமர் அடித்தால், மேலே முதலில் சொன்ன சுண்ணாம்புப் பொடிக் கதையை நாமே உண்டாக்கியதாகும்.

பிரைமர் ஒரு கோட், ஆறு மணி நேரம். எமல்ஷனில் டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். சீலிங்கில் ரோலர் தெறிக்கிறது என்று பெயிண்டர்கள் தாராளமாக ஊற்றுவார்கள். பிசின் நீர்த்துப்போனால் முதல் துடைப்பிலேயே வெள்ளை கையோடு வரும். முதல் கோட் ஜன்னல் பக்கமிருந்து குறுக்கே, இரண்டாவது வெளிச்சம் வரும் திசையோடு. நடுவில் நான்கு முதல் ஆறு மணி நேரம், மழை நாளில் இன்னும் கூட. புதிதாகச் சிமெண்ட் பூச்சு வைத்த இடமாக இருந்தால் 28 நாள் ஆறிய பிறகுதான் இதெல்லாம். பச்சைப் பூச்சின் காரம் எனாமல் வகைப் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு இரண்டு நாளாவது பெரிய சமையல் வேண்டாம், ஃபேன் ஓடட்டும். ஒரு வாரம் கழித்துப் பரண் மறைவில் செல்லோடேப் சோதனையை மறுபடி செய்யுங்கள். டேப் சுத்தமாக வர வேண்டும். சோப்புத் தண்ணீரால் துடைப்பது ஒரு மாதத்துக்குப் பிறகு. அதற்குள் சாம்பார் தெறித்தால் வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.